சான்றும் ஊகமும்: ஃபோன் பிரோடியின் வாழ்க்கை வரலாற்று நூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

வாழ்க்கை வரலாறு என்பது வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் இடையில் நிற்கும் ஓர் எழுத்துத்துறை. வரலாற்றாசிரியன் சான்றுக்குக் கட்டுப்பட்டவன். நாவலாசிரியன் தன் பாத்திரங்களின் உள்ளத்துக்குள் தடையின்றிப் புகும் உரிமை பெற்றவன். வாழ்க்கை வரலாற்றாசிரியனோ சான்றுக்குக் கட்டுப்பட்டிருக்கும் அதேவேளையில் ஒரு மனித உள்ளத்தைத் திறந்துகாட்ட வேண்டிய கடப்பாடும் உடையவன். எழுதப்படும் மனிதர் ஒரு மதத்தைத் தோற்றுவித்தவராகவோ, ஒரு நாட்டின் அரசியலை வழிநடத்தியவராகவோ அமையுமிடத்து இவ்விரட்டைக் கடமை மேலும் கடினமாகிறது. அத்தகையோரைச் சுற்றிப் பக்தியும் பகைமையும் இரண்டு மதில்களாக எழுந்து நிற்கும். பக்தன் எழுதுவது புராணமாக முடியும். பகைவன் எழுதுவது வசையாக முடியும். இரண்டுக்கும் நடுவே சரிதம் எழுதப் புகுந்தவர்களுள் அமெரிக்கப் பெண் ஆய்வாளரான ஃபோன் மக்கே பிரோடி (1915-1981) விதந்து கூறத்தக்கவர்.

பிரோடி ஐந்து வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். மோர்மன் மதத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித் பற்றிய நூல் 1945இலும், அடிமை ஒழிப்பு அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றியது 1959இலும், ஆங்கிலேய நாடாய்வாளர் றிச்சர்ட் பேட்டன் பற்றியது 1967இலும், தோமஸ் ஜெபர்சன் பற்றியது 1974இலும் வெளிவந்தன. றிச்சர்ட் நிக்சன் பற்றிய இறுதி நூல் அவர் மறைந்த ஆண்டான 1981இல் அச்சேறியது. இவ்வைவரும் தத்தம் காலத்திலும் பின்னரும் கடுஞ் சர்ச்சைக்கு உள்ளானவர்கள். பிரோடியின் நூல்களும் அவ்வாறே சர்ச்சைக்கு உள்ளாயின.

பிரோடியை ‘உளவியல் வாழ்க்கை வரலாற்றாசிரியர்’ என்று வகைப்படுத்துவது விமரிசகரிடையே வழக்கமாகிவிட்டது. அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒருமித்து வழங்கும் பெயர் இது. அவர் தாமும் அப்பெயரை விரும்பியே ஏற்றார். ஆயினும், அவரது நூல்களைப் பிற்கால ஆய்வுகளோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து, இவ்வகைப்பாடு அவரது உண்மையான சாதனையை மறைத்துவிடுகின்றது என்பது புலனாகும். அவர் எழுதியவற்றுள் நிலைத்து நின்றவை எவை, வீழ்ந்தவை எவை, ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

பிரோடி யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரிற் பிறந்து, ஹன்ட்ஸ்வில் என்னும் மலைச்சாரற் சிற்றூரில் வளர்ந்தார். மோர்மன் சபையின் உயர்குடி என்று சொல்லத்தக்க குடும்பம் அவருடையது. தந்தை சபையில் உயர்பதவி வகித்தவர். தாயின் தந்தை பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கியவர். பெரிய தந்தை முறையினரான டேவிட் ஓ. மக்கே 1951 முதல் 1970 வரை சபையின் தலைவராகவும், சபையினரால் தீர்க்கதரிசியாகவும் கொள்ளப்பட்டவர். இத்தகைய சூழலில் வளர்ந்த பிரோடி, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்ற காலத்திலேயே குலமத நம்பிக்கையைக் கைவிட்டார். 1936இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த பேர்னாட் பிரோடியை மணந்தார். அணுவாயுதக் காலத்துப் போர்த்தந்திரம் பற்றிய சிந்தனையாளராகப் பின்னர் புகழ் பெற்றவர் அவர்.

ஜோசப் ஸ்மித் நூல் வெளியான மறு ஆண்டு, 1946இல், பிரோடி சபையினின்றும் விலக்கப்பட்டார். வரலாற்றில் கலாநிதிப் பட்டம் எதுவுமின்றியே, நூல்களின் வலிமையினால், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக உயர்ந்தார்.

இவ்விவரங்களைக் கொண்டு அவரது நூல்களை விளக்கிவிட முயல்வது எளிது. குலமதத்தை உதறிய மகள் தந்தையரின் தீர்க்கதரிசியைத் தாக்கினாள் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். அவரது சபை விமரிசகர்கள் ஏறத்தாழ இதையே செய்தனர். ஆனால், ஒரு நூலை எழுதியவரின் மனநிலை எத்தகையதாயினும், அந்நூல் காட்டும் சான்று மெய்யா பொய்யா என்பது தனியான வினா. இவ்வேறுபாடு பிரோடியைக் காக்கும். பிற்பகுதியிற் காணப்படுவதுபோல், அவரைக் கண்டிக்கவும் உதவும்.

தீர்க்கதரிசியும் ஆவணங்களும்

‘என் வரலாற்றை எவரும் அறியார்’ என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது முதல் நூல். ஸ்மித் 1844இல், தாம் கொல்லப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஆற்றிய பிரசங்கமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட தலைப்பு அது. அதுகாறும் ஸ்மித்தைப் பற்றி எழுதியோர் இரு திறத்தார். ஒரு சாரார்க்கு அவர் வானவர் கொணர்ந்த பொற்றகடுகளைப் பெயர்த்த தீர்க்கதரிசி. மறு சாரார்க்கு அவர் எத்தன். பிரோடி மூன்றாவது பாதையொன்றைத் தேடினார். புதையல் தேடும் மந்திர வித்தையில் ஈடுபட்டிருந்த கற்பனை வளம் மிக்க ஓர் ஏழைக் குடியானவ இளைஞன், தான் கட்டிய கதைக்குத் தானே ஆட்பட்டு, மெல்ல மெல்லத் தன் பாத்திரத்தை நம்பத் தொடங்கினான் என்பதே அவர் முன்வைத்த கொள்கை.

இக்கொள்கையை நிறுவ அவர் இருவகைப் பொருள்களைக் கையாண்டார். ஒருவகை ஆவணங்கள். 1826இல் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்மித் கல்லின் மூலம் புதையல் பார்ப்பதாகக் கூறியமைக்காக விசாரிக்கப்பட்டார் என்னும் பதிவை அவர் முன்னிலைப்படுத்தினார். சபைச் சார்பாளர் அப்பதிவு போலியானது என வாதிட்டனர். 1971இல், அவ்வழக்கைக் கேட்ட நீதவானின் செலவுக் கணக்குத் தாள்கள் மாவட்ட ஆவணங்களிடையே கண்டெடுக்கப்பட்டபோது விசாரணை நடந்தது உறுதியாயிற்று. மோர்மன் நூல் 1830இல் வெளிவருமுன், அமெரிக்கப் பழங்குடியினர் இஸ்ரவேலரின் வழித்தோன்றல்களே என்று வாதிடும் நூலொன்றை ஈதன் ஸ்மித் என்னும் போதகர் 1823இல் வெளியிட்டிருந்தார். அவ்விரு நூல்களுக்கும் இடையிலான ஒற்றுமைகளையும் பிரோடி எடுத்துக்காட்டினார். சபைத் தலைவர்களுள் ஒருவரான பி. எச். ரொபேட்ஸ் என்பார் 1920களிலேயே இதே ஒற்றுமைகளை இரகசியமாக ஆராய்ந்திருந்தார் என்பது, அவரது கையெழுத்துப்படி 1985இல் அச்சேறியபோது பரவலாகத் தெரியவந்தது. ஸ்மித்தின் மனைவியர் எனப் பிரோடி 48 பெயர்களைப் பட்டியலிட்டபோது எழுந்த கொதிப்புக் கொஞ்சமன்று. 2014இல் சபையே வெளியிட்ட கட்டுரையில் மனைவியர் தொகை 30க்கும் 40க்கும் இடைப்பட்டதென மதிப்பிடப்படுவது ஏற்றுக்கொள்ளப்பட்டது. எண்ணிக்கையில் வேறுபாடுண்டு, நிகழ்வைப் பொறுத்தவரையில் வேறுபாடில்லை.

மற்றொரு வகை ஊகம். ஸ்மித் தமது இளமையிற் கண்டதாகக் கூறிய முதற் காட்சி பற்றிய எழுத்து, 1838க்கு முன்னர் இல்லையெனக் கண்ட பிரோடி, அது பிற்காலத்துக் கற்பனை என முடிவு செய்தார். ஆனால் 1832இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு 1965இல் வெளிவந்தது. ஆவணம் கிடைக்காமையை நிகழ்வு இல்லாமைக்குச் சான்றாகக் கொண்ட வாதம் அதனால் ஆட்டங்கண்டது. அதேபோல், பிறர் மனைவியராயிருந்த பெண்களுக்குப் பிறந்த சில பிள்ளைகளை ஸ்மித்தின் பிள்ளைகளாக அவர் ஐயுற்றார்; ஒருவரைப் பொறுத்தவரையில் முகச் சாயலையும் துணைக்கழைத்தார். இரண்டாயிரத்துக்குப் பின் நடந்த மரபணுச் சோதனைகள், அவர் குறிப்பிட்ட ஒலிவர் புவெல் முதலியோர் ஸ்மித்தின் மக்களல்லர் எனக் காட்டின.

ஒரே நூலில் ஓரினத் தீர்ப்புகள் நிலைபெற, மற்றோரினத் தீர்ப்புகள் வீழ்ந்தமை தற்செயலன்று. ஆவணத்தை ஆதாரமாகக் கொண்டவை நிலைத்தன. மௌனத்தையும் சாயலையும் ஆதாரமாகக் கொண்டவை நிலைக்கவில்லை. ஏனைய நூல்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் பொருந்தும்.

தாடியஸ் ஸ்டீவன்ஸும் றிச்சர்ட் பேட்டனும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதும் அதனையடுத்த புனரமைப்புக் காலத்திலும் காங்கிரஸில் அடிமை ஒழிப்பினரின் தலைவராய் விளங்கியவர் ஸ்டீவன்ஸ் (1792-1868). பெருந்தோட்ட உடைமையாளரின் நிலங்களைப் பறித்து விடுதலை பெற்ற அடிமைகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென வாதிட்டவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்து வில்லியம் டன்னிங்கின் மாணவ பரம்பரையினர் எழுதிய வரலாறுகள், புனரமைப்புக் காலத்தைக் கறுப்பினத்தவரின் அராஜகமாகவும் ஸ்டீவன்ஸை வஞ்சம் தீர்க்கும் வெறியராகவும் சித்திரித்தன. 1915இல் வெளிவந்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் திரைப்படத்தில் வரும் அரசியல்வாதிப் பாத்திரம் அவரை ஒட்டியே படைக்கப்பட்டது. இக்கருத்துநிலையை டூ பொயிஸ் 1935இலேயே தமது பெருநூலில் எதிர்த்திருந்தும், பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் அதனைப் பெரிதும் புறக்கணித்தனர். குடிசார் உரிமைப் போராட்டம் வலுப்பெற்றுவந்த 1959இல் பிரோடியின் நூல் வெளிவந்தது. ஸ்டீவன்ஸைக் கொள்கையுள்ள அரசியல்வாதியாக மீட்டெடுத்த நூல்களுள் அதற்குச் சிறப்பிடம் உண்டு.

ஆயினும், அந்நூலின் விளக்கமுறை முற்றிலும் திருப்தி தருவதன்று. ஸ்டீவன்ஸ் வளைபாதத்துடன் பிறந்தவர். அவ்வூனத்தினால் உண்டான மனக்காயத்தில் அவரது அரசியற் சினத்தின் வேரைப் பிரோடி தேடுகிறார். ஒடுக்கப்பட்டோர்பால் ஒருவருக்கு இரக்கம் எழுவதற்குச் சொந்த வேதனை காரணமாகலாம், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நிலப்பகிர்வுக் கோரிக்கை ஒரு மனிதரின் பாதத்திலிருந்து பிறந்ததன்று. நிலமற்ற விடுதலை வெறும் சொல்லாகவே முடியும் என்னும் பொருளாதார உண்மையிலிருந்து பிறந்தது அது. ஊனமற்ற பலரும் அவரோடு நின்று வாக்களித்தனர். அவர்களது நிலைப்பாட்டுக்கு வளைபாதம் எவ்விளக்கமும் தராது. தனிமனித உளவியல் ஒருவர் எவ்வளவு தீவிரமாகப் போராடினார் என்பதற்கு விளக்கம் தரக்கூடும். எதற்காகப் போராடினார் என்பதை விளக்கச் சமூக வரலாறு வேண்டும்.

றிச்சர்ட் பேட்டன் 1853இல் முஸ்லிம் யாத்திரிகராக வேடமிட்டு மக்கா சென்றவர். ஆயிரத்தோர் இரவுக் கதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். 1890இல் அவர் இறந்ததும் மனைவி இஸபெல் அவரது கையெழுத்துப் பிரதியொன்றையும் நாட்குறிப்புகளுட் பெரும்பாலானவற்றையும் தீயிலிட்டார். மிக முக்கியமான சான்றுகள் எரிந்துபோன ஒருவரைப் பற்றி எழுதும்போது ஊகம் தவிர்க்கவியலாததாகிறது. பேட்டன் ஏராளமாக எழுதிக் குவித்தவராதலால் பிரோடிக்கு அவருடைய அச்சிட்ட நூல்களே கைகொடுத்தன. பயண நூல்களின் அடிக்குறிப்புகளிலும் மொழிபெயர்ப்பின் பின்னுரைகளிலும் பேட்டனின் ஆர்வங்களைத் தேடிப் படித்த அவரது நுண்மை பாராட்டத்தக்கது. ஐந்து நூல்களுள் கலைநயம் மிக்கது இதுவெனலாம். எழுதப்படுபவரிடத்து ஆசிரியருக்கு வியப்பு மேலோங்கி நின்றமையும் அதற்கொரு காரணமாகும்.

மொன்ரிசெலோவின் மௌனம்

பிரோடியின் பெயரை நிலைநிறுத்திய நூலும், அவரது முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் நூலும் ஜெபர்சன் பற்றியதேயாகும். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் எனச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன், வாழ்நாள் முழுவதும் அடிமைகளின் உடைமையாளராக இருந்தவர். அவரது மொன்ரிசெலோப் பண்ணையில் சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண் இருந்தார். ஜெபர்சனின் மாமனார் ஜோன் வேல்ஸுக்கும் அடிமைப் பெண்ணொருவருக்கும் பிறந்தவர் அவர். எனவே ஜெபர்சனின் காலஞ்சென்ற மனைவிக்கு ஒரு தந்தை வயிற்றுத் தங்கை. 1787இல், பதினான்கு வயதளவில், ஜெபர்சனின் இளைய மகளுக்குத் துணையாகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். ஜெபர்சன் அங்கு அமெரிக்கத் தூதுவராயிருந்தார். இவ்விருவருக்கும் இடையில் உறவுண்டு என்னும் செய்தியைக் கலெண்டர் என்ற பத்திரிகையாளர் 1802இல் வெளியிட்டார். அப்போது ஜெபர்சன் ஜனாதிபதியாயிருந்தார்.

நூற்றெழுபது ஆண்டுகளாக வரலாற்றாசிரியர்கள் இதனை அரசியற் பகைவரின் அவதூறென்றே தள்ளினர். ஜெபர்சனின் வாழ்க்கையை ஆறு தொகுதிகளில் எழுதிய டூமாஸ் மலோன் அவர்களுட் தலையாயவர். இத்தகையதொரு செயல் ஜெபர்சனின் குணத்துக்கு ஒவ்வாதது என்பதே அவர்களின் அடிப்படை வாதம். ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள், அவரது சகோதரியின் மக்களான கார் சகோதரரே அப்பிள்ளைகளின் தந்தையர் எனக் கூறியதும் அவர்களுக்கு உதவியது.

ஆனால் இன்னொரு சாட்சியும் இருந்தது. சாலியின் மகன் மடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒகாயோ மாநிலப் பத்திரிகையொன்றில் தமது வரலாற்றைக் கூறியிருந்தார். தம் தந்தை ஜெபர்சன் என்றும், பிரான்ஸிற் சுதந்திரம் கோரக்கூடிய நிலையிலிருந்த தாய், தமக்குப் பிறக்கும் பிள்ளைகள் இருபத்தொரு வயதில் விடுவிக்கப்படுவர் என்னும் வாக்குறுதியின்பேரிலேயே திரும்பி வந்தாரென்றும் அவர் கூறினார். பிரோடி இக்கூற்றை எடுத்து ஆராய்ந்தார். நூலின் பின்னிணைப்பில் முழுமையாகவும் வெளியிட்டார். ஜெபர்சன் வீட்டிலிருந்த நாட்களையும் சாலியின் பிள்ளைகள் பிறந்த நாட்களையும் ஒப்புநோக்கினார். விந்தரொப் ஜோர்டன் 1968இல் சுட்டிக்காட்டியிருந்தவாறு, ஒவ்வொரு பிள்ளையும் கருவுற்ற காலத்தில் ஜெபர்சன் மொன்ரிசெலோவில் இருந்திருக்கிறார். இதற்கான கால அட்டவணை மலோனின் நூல்களிலேயே இருந்தது என்பது வியப்புக்குரியது. மறுப்போரின் கைகளிலேயே சான்று கிடந்தது. அதை ஓர் அடிமையின் கூற்றோடு இணைத்துப் பார்ப்பதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை.

இவ்வளவில் நின்றிருப்பின் நூலின் வாதம் அசைக்க முடியாததாய் அமைந்திருக்கும். பிரோடி அவ்வளவில் நிற்கவில்லை. ஜெபர்சனின் உள்ளத்திலிருந்தே வாக்குமூலம் பெற முயன்றார். 1788இல் ஜெபர்சன் ஒல்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளினூடாகச் சென்றபோது எழுதிய பயணக் குறிப்பில், மண்ணின் நிறத்தைக் குறிக்க ‘முலாட்டோ’ என்னும் சொல்லை எட்டு இடங்களில் ஆண்டிருக்கிறார். கலப்பினத்தவரைக் குறிக்கும் அச்சொல் அவர் எழுதுகோலில் மீண்டும் மீண்டும் வந்தமை, பாரிஸில் விட்டுவந்த சாலியை அவர் மனம் நாடியமைக்கு அறிகுறி எனப் பிரோடி கொண்டார். செம்மை கலந்த கபில நிற மண்ணுக்கு அக்காலத்து வேளாண் வழக்கில் வழங்கிய சாதாரணச் சொல் அது என்பதை விமரிசகர் உடனே எடுத்துக்காட்டினர். கறி விலையை எழுதிவைத்த ஒருவரது கணக்குப் புத்தகத்திற் காதலைத் தேடுவதற்கு ஒப்பான செயல் இது. டா வின்சியின் குறிப்பொன்றிலிருந்த பருந்தைக் கழுகெனப் பெயர்த்த பிழையான ஜெர்மன் மொழிபெயர்ப்பை நம்பிப் பெரியதோர் உளவியல் மாளிகையைப் பிராய்ட் 1910இற் கட்டிய கதை இவ்விடத்து நினைவுக்கு வரும். சொல்லின் வழக்காற்றை அறியாமல் சொல்லின் ஆழத்தை அறிய முற்படுவதன் விளைவு இது. இலக்கிய மாணவர்க்கும் இதிலொரு பாடமுண்டு.

இப்பலவீனத்தின் விளைவு பாரதூரமானது. காரி வில்ஸ் போன்ற விமரிசகர் இத்தகைய பகுதிகளை எள்ளி நகையாடினர். எள்ளலின் ஆரவாரத்தில் மடிசன் ஹெமிங்ஸின் குரல் மறுபடியும் அமிழ்ந்துபோயிற்று. வலிமையான சான்றோடு வலிமையற்ற ஊகத்தைச் சேர்த்துக் கட்டும்போது, எதிர்ப்போர் முன்னதை மறுக்க வேண்டிய தேவை எழுவதில்லை; பின்னதைச் சிதைத்தாலே போதுமானதாகிவிடும்.

இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் 1997இல் அனெற் கோடன்-றீட் என்னும் கறுப்பினச் சட்டப் பேராசிரியை இப்பிரச்சினையை மீண்டும் எடுத்தார். அவர் ஜெபர்சனின் ஆழ்மனத்துக்குள் நுழையவில்லை. வரலாற்றாசிரியர்கள் சாட்சிகளை எவ்வாறு கையாண்டனர் என்று வழக்குமன்ற முறையில் வினவினார். வெள்ளையரின் குடும்பக்கதை ஆதாரமின்றியே ஏற்கப்பட்டது. கறுப்பினத்தவரின் குடும்பக்கதை ஆதாரமிருந்தும் தள்ளப்பட்டது என்பதை அவர் தெளிவாக்கினார். மறு ஆண்டு, 1998இல், மரபணுச் சோதனை முடிவு வெளிவந்தது. சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழித் தோன்றலின் மரபணு ஜெபர்சன் குலத்து ஆண்வழி மரபணுவோடு பொருந்தியது. கார் குலத்தினதோடு பொருந்தவில்லை. இச்சோதனை குலத்தைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது என்பதும், இன்றும் சிலர் மாற்றுக்கருத்துக் கொண்டுள்ளனர் என்பதும் மறைக்கத்தக்கனவல்ல. ஆயினும், ஏனைய சான்றுகளோடு சேர்த்து நோக்கி, மொன்ரிசெலோவை நிருவகிக்கும் நிறுவனம் 2000இல் அவ்வுறவை ஏற்றது. 2018இல் சாலி ஹெமிங்ஸுக்கென அங்கு காட்சிக்கூடமொன்றையும் திறந்தது.

இதிலும் ஒரு படிப்பினை உண்டு. சாலியின் முதற்பிள்ளையின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதிய வூட்சன் குடும்பத்தினரின் மரபுக் கதையைப் பிரோடி நம்பினார். அதே மரபணுச் சோதனை அதனை மறுத்தது. எனவே, அடிநிலை மாந்தரின் கூற்று என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. மடிசனின் கூற்றும் வூட்சன் குடும்பத்துக் கூற்றும் சோதிக்கப்பட்டன. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. சாட்சியத்துக்குரிய பெருமை, அது சோதனைக்கு உட்படத் தக்கது என்பதே. மண்ணின் நிறம் பற்றிய ஊகத்தை எந்தச் சோதனைக்கூடத்தாலும் சோதிக்க முடியாது. ஜெபர்சன் சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை என்பது உறுதியான பின்னரும், அச்சொல் அவர் மனத்தைக் காட்டியது என்பது உறுதியாகவில்லை.

நிக்சனும் வெறுப்பின் எல்லையும்

1974இல் பதவி துறந்த ஜனாதிபதி நிக்சன் பற்றிய நூலைப் பிரோடி நோயோடு போராடியவாறு எழுதி முடித்தார். 1978இற் கணவர் மறைந்தார். 1981 ஜனவரியில் புற்றுநோயால் அவரும் மறைந்தார். நூலை அச்சிற் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நிக்சனின் வாழ்க்கையில் பொய் என்பது இளமையிலேயே வேரூன்றிய பழக்கம் என்பது நூலின் மையக்கருத்து. கடுமையான தந்தை, இரு சகோதரரின் மரணம், தாயின் பிரிவு ஆகியவற்றில் அதன் காரணங்கள் தேடப்படுகின்றன.

ஏனைய நால்வரிடத்தும் பிரோடிக்கு ஏதோ ஒருவகை ஈர்ப்பு இருந்தது. தாம் மறுத்த ஜோசப் ஸ்மித்தின் கற்பனை வளத்தைக்கூட அவர் வியந்தே எழுதினார். நிக்சனிடத்து அவர் கொண்டது வெறுப்பொன்றே. அதனை அவர் மறைக்கவுமில்லை. தீர்ப்பு முதலிலும் விசாரணை பின்னரும் அமைந்தமையால் நூல் சலிப்புத் தருகிறது. நிக்சன் பொய் சொன்னாரென்பது மறுக்கத்தக்கதன்று. அதை நிறுவியவை வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களும் உதவியாளர்களின் குறிப்புகளுமேயாகும். 1968 தேர்தற் காலத்தில் வியட்நாம் சமாதான முயற்சியைக் குழப்புவதில் நிக்சனுக்கிருந்த நேரடிப் பங்கை, ஹால்டெமனின் கைக்குறிப்புகளைக் கொண்டு ஜோன் ஃபரெல் 2017இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக்காட்டினார். குழந்தைப்பருவ ஆராய்ச்சி எதனாலும் அப்பங்கு வெளிப்பட்டிருக்க முடியாது. மேலும், போரை நீடிக்கவைத்த அரசியலை ஒரு மனிதரின் இளமைக்காலத் துயரமாகச் சுருக்குவது, அதன் பொறுப்பில் பங்குடைய ஏனையோரைத் தப்பவிடுவதுமாகும்.

மதிப்பீடு

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பிரோடியின் உளவியல் நாட்டம் இல்லாதிருந்தால் அவர் மடிசன் ஹெமிங்ஸின் கூற்றை நாடியிருப்பாரா? பெரியோரென்று போற்றப்பட்டவர்களுக்கும் ஆசையும் அச்சமும் உண்டென்னும் எண்ணமே அப்பத்திரிகைத் தாளை அவர் மதிக்கும்படி செய்ததன்றோ? இத்தடை நியாயமானது. மலோன் முதலியோரும் உளவியல் ஊகமே செய்தனர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். ‘ஜெபர்சனின் குணத்துக்கு ஒவ்வாது’ என்பதும் சான்றற்ற ஊகமே. மரியாதையின் போர்வை போர்த்திருந்தமையால் அது ஊகமெனத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவ்வூகத்தை எதிர்க்கும் துணிவைப் பிரோடிக்குத் தந்தது அவரது உளவியல் நாட்டமே.

ஆகவே ஊகத்தை விலக்கிவிடு என்பது இதன் முடிவாகாது. ஊகம் வினாவாக நிற்கும்போது ஆய்வாளனை ஆவணத்திடம் அழைத்துச் செல்கிறது. அதுவே விடையாக மாறும்போது ஆவணம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிரோடியின் சிறந்த பக்கங்களில் முதலாவது நிகழ்கிறது. தளர்ந்த பக்கங்களில் இரண்டாவது நிகழ்கிறது. அவரை உளவியலாளர் என்று புகழ்வோர் தளர்ந்த பக்கங்களையே புகழ்கின்றனர். அவரைக் கற்பனையாளர் என்று இகழ்வோர் சிறந்த பக்கங்களைப் படியாமலே இகழ்கின்றனர்.

சாலி ஹெமிங்ஸ் எழுதிய ஒரு கடிதமேனும் எஞ்சவில்லை. ஜெபர்சன் எழுதியவையோ பல்லாயிரம். எழுதியவர் சொல்வதை மட்டுமே வரலாறெனக் கொண்டால், எழுதக் கொடுத்துவையாதோர் என்றென்றும் வரலாற்றுக்கு வெளியிலேயே நிற்பர். அவர்களை உள்ளே அழைப்பதற்கு இரு வழிகளுண்டு. எழுதியவரின் சொற்களுக்கிடையில் அவர்களது நிழலைக் கற்பித்துக்கொள்வது ஒன்று. அவர்களும் அவர்தம் மக்களும் கூறிய சொற்களைத் தேடியெடுத்து, ஏனைய சாட்சிகளைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு சோதித்து ஏற்பது மற்றொன்று. பிரோடி இரு வழியிலும் நடந்தார். முதல் வழி அவருக்கு உடனடிப் புகழையும் நீடித்த ஏளனத்தையும் தந்தது. இரண்டாம் வழியில் அவர் வைத்த அடிகளைப் பின்பற்றியே கோடன்-றீட் முதலியோர் மேற்சென்றனர். பின்னிணைப்பாக அவர் அச்சிட்ட ஒரு முன்னாள் அடிமையின் வாக்குமூலம், அவர் தாம் எழுதிய அத்தியாயங்கள் பலவற்றினும் நீண்ட ஆயுளுடையதாய் நிற்கிறது.